காலை ஐந்தரைக்குக் கிளம்பு, கையில் சில்லறை வைத்துக்கொள்

சித்தி போன் போட்டு அரை மணி நேரம் புலம்பினார்கள். "வயசுப் பொண்ணு, மதுரையைத் தனியாச் சுத்திப் பாக்கப் போறேங்குறா. நீயாவது ஒரு வார்த்தை சொல்லு." நான் சொன்னது ஒன்றுதான்: "வரட்டும் சித்தி. ஆனையூர்ல நான் இருக்கேன்ல." போனை வைத்த கையோடு உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன், பாப்பா. என்றைக்காவது ரோமுக்குத் தனியாகப் போக வேண்டும் என்று காசு சேர்க்கிறாய் அல்லவா? அதற்கு முன்னால் 500 ரூபாயை எடுத்துக்கொண்டு மதுரையில் ஒரு நாள் தனியாக நடந்து பார். உன்னைப் போலக் கிளம்ப ஆசைப்படும் மற்ற தங்கச்சிகளும் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் வீடு வந்து சேரும் வழி. மேப்பில் வெறுமனே ஆனையூர் என்று தட்டாதே. உசிலம்பட்டிப் பக்கம் ஐராவதேஸ்வரர் கோயில் இருக்கிற ஆனையூர் ஒன்று உண்டு, சிவகாசிப் பக்கமும் ஒன்று உண்டு. நம்முடையது மதுரைக்கு வடக்கே கூடல் நகரை ஒட்டியது, 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்து என் வீட்டில் படுத்துக்கொள். சனிக்கிழமை விடியும்போது நீ பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும்.

அவ்வளவு சீக்கிரமா என்று கேட்பாய். மதுரையை ஒரே நாளில் பார்ப்பதற்கு இருக்கிற சூட்சுமமே அதுதான். இந்த ஊருக்கென்று ஒரு நேரம் இருக்கிறது. கோயில் விடியற்காலை திறந்து மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் சாயங்காலம் 4 மணிக்குத்தான் மறுபடி திறக்கும். வெயில் ஏற ஏறத் தெருவும் கொஞ்சம் தளர்ந்துவிடும். விளக்கு வைத்த பிறகு பார், ராத்திரி பதினொரு மணிக்கும் இட்லிச் சட்டியில் ஆவி பறக்கும். காலை பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி வருகிறவர்கள்தான் கொதிக்கிற கல்லையும், நீள வரிசையையும், சாத்தின கதவையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஊர் எழும்போது நீயும் எழு, ஊர் படுக்கும்போது நீயும் எங்காவது நிழலில் உட்கார். காசும் மிச்சம், உடம்புக்கும் நல்லது.

ஆனையூரிலிருந்து பெரியார் நிலையம் போகிற சாதாரண டவுன் பஸ்ஸில் ஏறு. முன்னும் பின்னும் பிங்க் பெயின்ட் அடித்திருந்தால் அது நம்முடைய பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஆனாலும் கண்டக்டரிடம் சீட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள். நாள் முழுக்க எங்கே போவதாக இருந்தாலும் இந்த பஸ்ஸைப் பார்த்து ஏறினால் போக்குவரத்துக்கு என்று நீ எடுத்து வைத்த காசு அப்படியே இருக்கும். எனக்கு இது சின்ன விஷயமே இல்லை. பூ விற்கப் போகிற அக்காக்களும், பாத்திரக்கடை வேலைக்குப் போகிற பிள்ளைகளும் யார் கையையும் எதிர்பார்க்காமல் ஏறி உட்காருவதைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார், இறங்கும் இடம் கேள். மதுரைக்காரர்கள் வழி கேட்டால் பாதி தூரம் கூடவே வந்து காட்டுவார்கள்.

உடுப்பு பற்றி ஒரு வார்த்தை. பருத்திச் சுடிதார், துப்பட்டா, சட்டென்று கழற்றி மாட்டுகிற செருப்பு. தோளில் மாட்டுகிற ஒரே பை, அதில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு குடை. காசை மூன்று இடத்தில் பிரித்து வை. இன்னொன்று, இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்: பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் ஒப்படைத்து டோக்கன் வாங்க வேண்டும். போனை ஒப்படைத்துவிட்டால் உன் ஜிபே, மேப், என் நம்பர் எல்லாம் அதோடு போய்விட்டது. அதனால் என் நம்பரை ஒரு தாளில் எழுதிப் பையில் வை. டோக்கனைத் துப்பட்டா முனையில் முடியாதே. நான் அப்படி முடிந்து, பிராகாரம் சுற்றி வருவதற்குள் எங்கேயோ அவிழ்ந்து விழுந்து, போன் என்னுடையதுதான் என்று நிரூபிக்க முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். ஜிப் வைத்த அறைக்குள் போடு.

பெரியாரில் இறங்கி மேற்கு வெளி வீதிக்கு வந்து, டவுன்ஹால் ரோட்டைப் பிடித்துக் கிழக்கே நட. காலையில் அந்த ரோடு காலியாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் கோபுரம் கண்ணில் படும். அங்கே நின்று ஊரின் கணக்கை மனதில் ஏற்றிக்கொள். ஒருமுறை ஏறிவிட்டால் மதுரையில் நீ தொலைந்து போகவே முடியாது. கோயில் நடுவில். கோயில் மதிலுக்குள்ளே ஆடி வீதிகள், மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள், அடுத்து ஆவணி மூல வீதிகள், அடுத்து மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். சதுரத்துக்குள் சதுரமாக ஊர் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம், நாலுக்கும் திசையின் பெயர். "தெற்கு மாசி வீதி" என்று பலகையில் பார்த்தால் கோயிலுக்குத் தெற்கே, மதிலுக்கு வெளியே மூன்றாவது சுற்றில் நிற்கிறாய் என்று அர்த்தம். கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு. இதற்கு மேல் எந்த மேப்பும் வேண்டாம். அப்படியே குழம்பினாலும் தலையைத் தூக்கிக் கோபுரத்தைப் பார். நாலு வெளிக் கோபுரங்களில் தெற்குக் கோபுரம்தான் உயரம், 170 அடி.

வெளி வீதிகள் இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார். இடித்து மேடு தட்டிக் கொடுத்தவர்களுக்கே அந்த மனை. அந்த வேலையை அளந்து கொடுத்தவர்களின் பெயர்தான் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் மாரட் வீதியிலும் இன்றும் இருக்கிறது. பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குதான் விளக்குத்தூண். தினமும் ஜவுளி எடுக்க விளக்குத்தூணுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தூணை ஒருமுறைகூட நின்று பார்த்திருக்க மாட்டார்கள். நீ பார்.

கோயிலுக்குள் தர்ம தரிசன வரிசையிலேயே போ. அந்த நேரத்தில் கட்டண வரிசைக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியமே வராது. அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்து அம்மனைப் பார்த்துவிட்டு, பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார். உட்கார் என்றால் ஐந்து நிமிஷம் இல்லை, அரை மணி நேரம். வெயில் முதலில் கோபுரத்து உச்சியில் விழுந்து, பிறகு மெதுவாகக் கீழே இறங்கும். பக்கத்தில் ஒரு பாட்டி மடியில் கதம்பத்தைப் பிரித்து வைத்து உதிர்ந்த பூவை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டிருப்பார். குடும்பத்தோடு வந்தால் இதெல்லாம் கிடைக்காது. எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எத்தனை முறை இந்தக் கோயிலுக்கு வந்திருப்பேன்! எப்போதும் ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் அர்ச்சனைக் கூடை, பின்னால் வெளியூர் விருந்தாளிகள். முதன்முதலாகத் தனியாக வந்து அந்தப் படியில் உட்கார்ந்தபோது எனக்கு வயது முப்பத்து நாலு. நீ இருபத்து மூன்றிலேயே உட்காரப் போகிறாய் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

கிளிக்கூண்டு மண்டபம், முக்குறுணிப் பிள்ளையார், சுவாமி சன்னதி எல்லாம் பார்த்துவிட்டு ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போ. உள்ளே இருப்பது 985 தூண்கள். நடுவழியில் நேராக மட்டும் நடந்துவிட்டு வராதே. ஓரமாகப் போய்க் குறுக்காகப் பார், எந்தப் பக்கம் திரும்பினாலும் தூண்கள் வரிசை பிடித்து நிற்கும். வெளியே வரும் வழியில் பிரசாத லட்டு வாங்கிக்கொள். 2019இலிருந்து இங்கே எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். பதினொரு மணிக்கு மேல் ஆடி வீதியில் வெறுங்காலோடு நிற்க முடியாது, பாதம் பொசுங்கும். ஏழரைக்கெல்லாம் நீ வெளியே வந்திருப்பாய்.

காலைச் சாப்பாட்டுக்குச் சித்திரை, ஆவணி மூல வீதிகளில் பலகாரக் கடைகள் நிறைய இருக்கின்றன. கூட்டத்தில் உள்ளூர் ஆட்கள், அதிலும் பெண்கள், இருக்கிற கடையாகப் பார்த்து நுழை. கையில் காசு ரொம்பக் குறைவு என்றால் அம்மா உணவகம். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. சிலர் அங்கே போகத் தயங்குவார்கள். நான் பிள்ளைகளோடு போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். சமைத்துப் பரிமாறுவது சுய உதவிக் குழுப் பெண்கள், தனியாக உட்கார்ந்து சாப்பிட அதைவிட நிம்மதியான இடம் எனக்குத் தெரியவில்லை.

கோயிலைச் சுற்றி ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். "மேடம், எங்க மாடியிலிருந்து கோபுரம் பாருங்க, காசு வேண்டாம்" என்று கைவினைப் பொருள் கடைக்குக் கூப்பிடுவார்கள். மேலே போய் இறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் ஏதாவது வாங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். வேண்டாம் அண்ணே என்று நிற்காமல் நடந்துகொண்டே சொல். நின்று பதில் சொன்னால் பேச்சு வளரும்.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். திருமலை நாயக்கர் கட்டியது. உனக்குப் பாவாடை தைத்த தையல்காரர்கள் இதற்குள்தான் தூணுக்குத் தூண் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு அந்தப் பக்கம் பாத்திரக் கடைகளுக்கு நடுவே முடிக்காமல் விட்ட ராயகோபுரம் நிற்கிறது. அடிப்பாகம் மட்டும்தான் இருக்கிறது, ஆனால் அதன் நிலைக்காலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், முடித்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று நெஞ்சு அடைக்கும்.

அங்கிருந்து கீழ மாசி வீதி, விளக்குத்தூண், அதற்கப்பால் பத்துத்தூண் சந்து. மதுரையில் என் மனதுக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். நாயக்கர் அரண்மனையில் சொர்க்கவிலாசம், ரங்கவிலாசம் என்று இரண்டு பகுதிகள் இருந்தன. ரங்கவிலாசத்தில் மிஞ்சியவை இந்தப் பத்துத் தூண்கள். கூரை இல்லை, சுவர் இல்லை. இரண்டு ஆள் கட்டிப் பிடிக்க முடியாத கல்தூண்கள் குறுகின சந்துக்குள் வரிசையாக நிற்கின்றன. அடியில் ஜவுளி மூட்டை சாய்த்து வைத்திருப்பார்கள், சைக்கிள் நிறுத்தியிருப்பார்கள், மேலே கரன்ட் கம்பி ஓடும். கடை திறக்கும் முன்னால் போனால் தூணில் கை வைத்துப் பார்க்கலாம், காலையில் கல் குளிர்ந்திருக்கும். டிக்கெட் கிடையாது, காவல் கிடையாது. இதைக் கொஞ்சம் சுத்தமாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் மனசு அடித்துக்கொள்கிறது.

அதைப் பார்த்த பிறகு திருமலை நாயக்கர் மஹாலுக்குப் போ. அப்போதுதான் அரண்மனை எவ்வளவு தூரம் பரந்து கிடந்தது என்று புரியும். 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று இருப்பது நாலில் ஒரு பங்குதான் என்பார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது இங்கிருந்து பிரித்து எடுத்துப் போனது நிறைய. மிச்சத்தை 1866லிருந்து 1872 வரை நேப்பியர் பிரபு பழுது பார்த்தார். காலை 9 மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விடு, கட்டணம் குறைவு. பள்ளிக்கூட பஸ்கள் வருவதற்கு முன் அந்த முற்றம் உனக்கே உனக்காக இருக்கும். பம்பாய், இருவர் எல்லாம் இங்கே எடுத்ததுதான், ஆனால் எந்தப் படத்திலும் இந்தத் தூண்களின் பருமன் தெரியாது. பக்கத்தில் போய் நின்றால்தான் தெரியும்.

ரோமைப் பற்றி ஒன்று நினைவுக்கு வருகிறது. நீ போக நினைக்கிற ஊரிலிருந்துதான் 1606இல் ராபர்ட் டி நொபிலி என்ற பாதிரியார் மதுரைக்கு வந்தார். வந்தவர் தமிழும் வடமொழியும் படித்து, காவி உடுத்தி, சைவச் சாப்பாட்டுக்கு மாறி, தத்துவ போதகர் என்று பெயரும் வைத்துக்கொண்டார். ரோமில் மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் இல்லையாம், உன் பயணத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்.

பதினொன்றரை ஆகும்போது வெயில் உன்னைத் தேட ஆரம்பிக்கும். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா குடி. பாலைச் சுண்டக் காய்ச்சி, ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். சின்ன டம்ளர் போதும், பெரியது குடித்தால் மதியம் பசிக்காது. பிறகு பஸ் ஏறித் தமுக்கம் போ. ராணி மங்கம்மாள் அரண்மனைதான் இப்போது காந்தி அருங்காட்சியகம், 1959இல் நேரு திறந்து வைத்தார். அனுமதி இலவசம். மதிய இடைவேளைக்குச் சாத்துவார்கள், அதற்கேற்ப நேரம் பார்த்துப் போ. சுட்டுக் கொல்லப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. சாயங்காலம் ஊருக்குள் திரும்பும்போது மேல மாசி வீதியில் இருக்கிற கதர்க் கடையையும் பார். 1921 செப்டம்பரில் அந்தக் கடை இருக்கிற வீட்டு மாடியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு, 22ஆம் தேதி அரையாடையோடு வெளியே வந்தார். அந்தக் கோலத்தில் முதலில் மக்கள் முன் நின்ற இடம் காமராஜர் சாலையில் காந்தி பொட்டல். அவர் முதலில் அரையாடை உடுத்திய வீட்டையும், கடைசியாக உடுத்திய துணியையும் ஒரே நாளில் பார்க்க இந்த ஊரில்தான் முடியும். நான் பார்த்த அன்று வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் யாரிடமும் பேசத் தோன்றவில்லை.

மதியத்தைக் கழிக்க, பெண்களுக்கு நான் கைகூப்பிச் சொல்கிற இடம் புது நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15இல் திறந்தது. குளிர்ச்சியான ஹால், குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை. நாள் முழுக்க வெளியே சுற்றுகிற பெண்ணுக்கு முதல் கேள்வி கழிப்பறைதான். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் சுற்றி, சிறுநீர்த் தொற்றோடு ஊர் திரும்பிய எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். நீ அதைச் செய்யாதே. நூலகம், அருங்காட்சியகம், ரயில்வே ஸ்டேஷன், பெரிய ஜவுளிக்கடைகள், இந்த நாலையும் மனதில் வைத்துக்கொண்டு நன்றாகத் தண்ணீர் குடி. பையில் இரண்டு நாப்கின் எப்போதும் இருக்கட்டும்.

ஆட்டோ எடுக்க வேண்டி வந்தால், ஏறுவதற்கு முன் ரேட்டைப் பேசி முடி. ஆப்பில் அதே தூரத்துக்கு என்ன காட்டுகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டால் பேச வசதி. ஏறியதும் வண்டி நம்பரை எனக்கு அனுப்பு. 181 மகளிர் உதவி எண், 112 அவசர எண், இரண்டையும் இன்றைக்கே போனில் ஏற்றிவிடு.

சாயங்காலம் தெப்பக்குளம். 1645இல் நாயக்கர் வெட்டியது, 16 ஏக்கர். மஹாலுக்குச் செங்கல் அறுக்க முன்பே மண் தோண்டிய இடம் இது என்பார்கள். காலையில் நீ பார்த்த முக்குறுணிப் பிள்ளையார் இந்தக் குழியில்தான் கிடைத்தார் என்பது ஊர் வழக்கு. ஐந்தரை மணிக்குப் போய்க் கல்திட்டில் உட்கார். மைய மண்டபம் தண்ணீரில் ஆடும். நடைப்பயிற்சிக்கு வரும் பெண்கள், பிள்ளைகளை விளையாட விட்டிருக்கும் குடும்பங்கள் என்று சுற்றிலும் ஆள் இருப்பதால் பயமில்லை. சூடாகப் பருத்திப்பால் கிடைத்தால் குடி, அலைந்த களைப்புக்கு அது மருந்து.

அக்கா வீடு இல்லாத தங்கச்சிகளுக்கு ஒன்று. ராத்திரி தங்குவதாக இருந்தால் விடுதியில் முன்கூட்டியே போன் பண்ணி, "தனியா வர்ற பெண்ணுக்கு ரூம் உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். போன பிறகு கேட்டால் கதை வேறு. ஒருமுறை ஒரு விடுதியில் ராத்திரி எட்டு மணிக்கு என் சிநேகிதியை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள், "கூட ஜென்ட்ஸ் யாராவது வரணும்மா" என்று. அடையாள அட்டை கையில் இருக்கிற, சம்பாதிக்கிற பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? இன்னும் ஆறவில்லை எனக்கு. ரயில் டிக்கெட் இருந்தால் ஸ்டேஷன் ஓய்வறையை ஆன்லைனில் பதிவு செய்யலாம். அன்றே திரும்புகிறவர்கள் பையை ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிட்டு, ராத்திரி ரயிலுக்குப் பெண்கள் காத்திருப்பு அறையில் இருந்துகொள்ளலாம். சித்திரைத் திருவிழா நாட்களை முதல் பயணத்துக்கு வைக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஆனால் அந்தக் கூட்டத்துக்குத் துணையோடுதான் வர வேண்டும்.

நீ தெப்பக்குளத்திலிருந்து கிளம்பும்போது போன் பண்ணு, பாப்பா. பெரியாரில் ஏறும்போது இன்னொரு முறை. ஆனையூர் ஸ்டாப்பில் நானே வந்து நிற்பேன். மதுரை இட்லிக் கடையில் நாலு சட்னியோடு சாப்பிட்டுவிட்டு வருகிறாயா, வீட்டில் சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் எட்டு மணிக்குள் சொல்லிவிடு. மாவு இருக்கிறது.